முதல் ரீலோடிங் பிரஸ்: எதை வாங்குவது, எதற்குப் பணத்தை மிச்சம் வைப்பது

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்கிறார். இப்போது பாரிஸ் புறநகரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். கையில் ஒரு .308 வின்செஸ்டர் போல்ட் ரைஃபிள் இருக்கிறது. தாத்தா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையின் 'சொல்தா'வாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் ஆசைப்பட்டு வாங்கிய மாஸ் 36 என்ற பழைய பிரெஞ்சு இராணுவ ரைஃபிள் ஒன்றும் இருக்கிறது. மாதத்துக்கு நூறு தோட்டாவுக்கு மேல் சுடுவதில்லை. சுட்ட காலிக் கூட்டில் தானே மறுபடி தோட்டா நிரப்பிக்கொள்ள, அதற்கான கைப்பிடி இயந்திரமான பிரஸ்ஸில் முதலாவதாக எதை வாங்கலாம்? கடைக்காரர் எல்லா வேலையையும் ஒரே இழுப்பில் செய்யும் 'புரோகிரசிவ்' வகை ஒன்றைக் காட்டி, "ஒரே தடவையில் பெரியதாக வாங்கிவிடுங்கள்" என்கிறாராம். கடைசியாக ஒன்று: பாகூரில் இருக்கும் மாமாவிடம் உரிமம் பெற்ற .315 ரைஃபிள் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவருக்கும் ஒரு சின்ன பிரஸ்ஸைக் கொண்டுவரலாமா?

தம்பி, பிரெஞ்சுப் படையின் ஆயுதப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டில் பாதி அங்கே, பாதி லாஸ்பேட்டையில். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது: வார்ப்பிரும்பில் செய்த, 'ஓ' வடிவச் சட்டம் உள்ள, ஒற்றை நிலை பிரஸ் ஒன்றை வாங்குங்கள். கடைக்காரர் காட்டியதில் பாதிக்கும் குறைவான பணம்தான் ஆகும். மிச்சத்தை எங்கே போட வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் மாமா விஷயத்தை முடித்துவிடுவோம், அது அவசரம்.

கொண்டுவராதீர்கள். சின்ன பிரஸ்ஸும் வேண்டாம், பெரிய பிரஸ்ஸும் வேண்டாம், அதில் மாட்டும் எஃகு அச்சான டை கூட வேண்டாம். இந்திய ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 2-ல் தோட்டா முதலானவற்றுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். அவற்றின் உதிரி பாகங்களும், அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அந்த விளக்கத்துக்குள்ளேயே அடங்குகின்றன. ஆக, நீங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் இரும்புச் சாமான் சட்டத்தின் கண்ணில் தோட்டாவோடு ஒரே வரிசையில் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர பிரிவு 10 உரிமம் கேட்கிறது. தயாரிப்பதற்குப் பிரிவு 5 உரிமம் கேட்கிறது. மாமாவிடம் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கவும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோட்டா வாங்கவும் கொடுத்த உரிமம் மட்டுமே. உரிமம் இல்லாத தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, மேலே ஆயுள் வரை போகும். "காலிக் கூட்டை மறுபடி நிரப்புவது எப்படித் தயாரிப்பு ஆகும்?" என்று மாமா வாதாடலாம். அந்த வாதத்தை ஜாமீன் மனுவில்தான் எழுத வேண்டியிருக்கும். .315 தோட்டா நம் நாட்டிலேயே செய்யப்படுவது, 8 மி.மீ. கே.எஃப். என்ற பெயரில் வரும் 'கே.எஃப்.' புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலையைக் குறிக்கிறது. அதை உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று: ஊருக்குக் கிளம்பும் முன் கிளப்புக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்து வராதீர்கள். பையின் மூலையில் ஒரு காலிக் கூடு சிக்கியிருந்தால் சென்னை விமான நிலையத்தில் பதில் சொல்லி மாளாது.

பிரான்சில் நிலைமை வேறு. கிளப் உறுப்பினராக, ஃபெடரேஷன் உரிமத்தோடு இருக்கும் விளையாட்டு வீரர் தன் சொந்தத் தேவைக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளலாம். விற்கக்கூடாது. வெடிமருந்தையும், அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் உரிமத்தைக் காட்டித்தான் வாங்க முடியும். வீட்டில் எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முதல் டப்பா வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த வரம்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் புரோகிரசிவ் விற்கப் பார்த்தவர்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்வார், அவருடைய உரிமமும் அதில் இருக்கிறது.

இனி பிரஸ்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். .22 தோட்டாவில் பற்றவைக்கும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால் அதை மறுபடி நிரப்ப முடியாது. உங்கள் .308 போல நடுவில் தனிப் பிரைமர் உள்ள தோட்டாக்களில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் சிறிதல்ல. பிரான்சிலும் நடைமுறையில் உள்ள, சி.ஐ.பி. என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சோதனை அமைப்பின் விதிகளின்படி .308-க்கு உச்ச வரம்பு 4150 பார். அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து சேம்பரின், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின், சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சற்றே சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. விரிந்த கூட்டை எஃகு டைக்குள் அழுத்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவருவதுதான் பிரஸ்ஸின் முதல் வேலை. அந்த ஓர் அழுத்தத்துக்குத்தான் பலம் வேண்டும். குண்டைப் பொருத்தும்போது இரண்டு விரலால் கைப்பிடியை இறக்கிவிடலாம்.

ஆகவே பிரஸ்ஸிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இரண்டே குணம்: நேராகத் தள்ள வேண்டும், தள்ளும்போது சட்டம் வளையக்கூடாது. இரண்டாவதைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். கூட்டின் தோள்பட்டையை, அதாவது உடல் சரிந்து கழுத்தாகும் இடத்தை, போல்ட் ரைஃபிளுக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். சட்டம் வளைந்து கொடுக்கிற பிரஸ்ஸில் ஒரு கூட்டின் தோள் 0.03 தள்ளப்படும், இன்னொன்று 0.10 தள்ளப்படும். போதாமல் தள்ளிய கூடு சேம்பரில் சிக்கும். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடக் கஷ்டப்படுவீர்கள். அதிகம் தள்ளியது ஒவ்வொரு முறையும் சேம்பருக்குள் முன்னும் பின்னும் இழுபட்டு, அடித்தளத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும். சில முறை சுட்ட பிறகு ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரியும். பின்பாதி வெளியே வரும், முன்பாதி சேம்பருக்குள் தங்கிவிடும். கூட்டின் வெளிப்புறத்தில் அடிக்கு மேலே பளபளப்பான மெல்லிய வளையம் தெரிய ஆரம்பித்தால் அதைத் தூக்கி எறியுங்கள். நுனியை வளைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தடவினால் பள்ளம் தட்டுப்படும்.

இந்தக் காரணத்தால்தான் 'ஓ' வடிவச் சட்டம் என்கிறேன். 'சி' வடிவத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருப்பதால் கை போவதற்கு வசதி. ஆனால் அழுத்தம் ஏறும்போது அந்தப் பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். 'ஓ' வடிவத்தில் இரும்பு முழுதும் சுற்றி வருகிறது. அலுமினியக் கலவையிலும் நல்ல 'ஓ' சட்டங்கள் உண்டு, .308 அளவுக்குத் தாங்கவும் தாங்கும். ஆனால் வார்ப்பிரும்புக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது எதற்குக் குறைவானதை வாங்க வேண்டும்? தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எந்த லேத் பட்டறையிலும் போய்க் கேளுங்கள். மெஷினின் உடலை ஏன் வார்ப்பிரும்பில் ஊற்றுகிறார்கள் என்று ஒரு பையன் கூடச் சொல்லுவான்.

வகைகள் மூன்று. ஒற்றை நிலை பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டைதான். ஐம்பது கூட்டையும் அளவுக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, டையை மாற்றி, அடுத்த வேலைக்குப் போவீர்கள். டரெட்டில் நான்கு முதல் எட்டு டை வரை ஒரு வட்டத் தட்டில் மாட்டியிருக்கும். தட்டைத் திருப்பினால் அடுத்த டை. புரோகிரசிவில் கூடுகள் கீழே வட்டமாகச் சுற்றும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் எல்லா நிலையிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்து, இழுப்புக்கு ஒரு தோட்டா வெளியே விழும்.

கடைசியாகச் சொன்னது கேட்க இனிமையாக இருக்கும், பார்க்க இன்னும் இனிமையாக இருக்கும். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவை வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. நேர்ச்சுவர்க் கூடு, கார்பைடு டை, எண்ணெய் தடவ வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை, ஓட்டம் தடைபடாது. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. முதலில் ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு தடவ வேண்டும். அளவுக்குக் கொண்டுவந்ததும் கூடு நீளும்; .308-க்கு உச்ச நீளம் 51.18 மி.மீ. அதைத் தாண்டியதை வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுக்க வேண்டும். தாண்டியதை வெட்டாமல் விட்டால் கழுத்தின் நுனி சேம்பரின் முனையில் போய் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். பிறகு மசகைத் துடைக்க வேண்டும். அப்புறம்தான் பிரைமர், மருந்து, குண்டு. ஆக முதல் இழுப்புக்குப் பிறகு கூடு பிரஸ்ஸை விட்டு இறங்கியே தீர வேண்டும். இறங்கி ஏறிக்கொண்டிருக்கும் வேலைக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் இயந்திரம் எதற்கு? அதோடு, ரைஃபிளுக்கு நல்ல மருந்துகளில் பல குட்டைக் குச்சிகளாக வருபவை. தானாக அளந்து ஊற்றும் கருவியில் அவை குறுக்கே மாட்டி, ஒரு கூட்டில் குறைத்தும் அடுத்ததில் கூட்டியும் ஊற்றும். துல்லியம் தேடுகிறவர்கள் அதனால்தான் ஒவ்வொன்றாகத் தராசில் நிறுக்கிறார்கள்.

டில்லன் 550, 750, ஹார்னடியின் லாக்-என்-லோட் ஏ.பி. எல்லாம் தரமான இயந்திரங்கள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முதல் நாள் உட்காருகிற ஆள் ஒரே நேரத்தில் நான்கு ஐந்து இடத்தைக் கண்காணிக்க வேண்டும்: பிரைமர் விழுந்ததா, மருந்து விழுந்ததா, அளவு சரியா, குண்டு நேராக உட்கார்ந்ததா. ஒற்றை நிலையில் கை என்ன செய்கிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். மருந்து ஊற்றிய ஐம்பது கூட்டையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கடியில் மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் எந்தக் கூட்டில் மட்டம் இறங்கியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மாதம் நூறு தோட்டா சுடும் உங்களுக்கு இரண்டு மாலைப் பொழுதின் வேலை அது. மிச்சப்படுத்த அங்கே நேரம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. எந்தக் காரணத்தாலாவது டில்லன் பக்கம் போனாலும் 'ஸ்கொயர் டீல் பி'யை மட்டும் தொடாதீர்கள். அது பிஸ்டல் தோட்டாவுக்கு மட்டுமே ஆனது, வேறு எந்த டையும் அதில் ஏறாது.

டரெட் நடுவழி. லீ கிளாசிக் டரெட்டில் தட்டைத் தானாகத் திருப்பும் கம்பியை உருவிவிட்டு ஒற்றை நிலை போலவே பயன்படுத்தலாம். டைகளை ஒருமுறை சரிசெய்து பூட்டிவைத்தால் மறுபடி தொட வேண்டாம். ரெட்டிங்கின் டி-7 ஏழு டை கொள்ளும், கனமானது, விலையும் அதற்கேற்ப. தட்டு சுழல்வதற்கு இடைவெளி வேண்டும், இடைவெளி இருக்கும் இடத்தில் சிறிது எழும்பல் இருக்கும். நல்ல டரெட்டில் அது எப்போதும் ஒரே அளவாக இருப்பதால் பெரிய கேடில்லை. இரண்டு துப்பாக்கி வைத்திருக்கும் உங்களுக்கு டரெட் வசதிதான் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் முதலாவதாக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டை மாற்றும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தக் கூடுதலாக ஒரு நகரும் பாகத்தை விலைக்கு வாங்குவானேன்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள். வார்ப்பிரும்பு 'ஓ' சட்டங்களில் விலை குறைந்தது லீ கிளாசிக் காஸ்ட். அதில் எனக்குப் பிடித்த ஒன்று: தள்ளிவிட்ட பழைய பிரைமர், கூட்டை மேலே ஏற்றும் தண்டின் நடுத்துளை வழியாக இறங்கி, குழாயில் போய்ச் சேரும். ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் இந்தத் தொழிலின் பழைய குதிரை. அந்த நிறுவனம் 1943-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ராக் சக்கர் சுப்ரீமின் உடல் பலத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் பழைய பிரைமரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் பிடிப்பதில்லை; அவ்வப்போது ஒன்று தரையில் உருண்டோடும். பிரைமர் கரியில் ஈயம் இருப்பதால், குழந்தைகள் தவழும் வீட்டில் இதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன். ரெட்டிங் பிக் பாஸ் 2 நேர்த்தியான வேலைப்பாடு. ஹார்னடி கிளாசிக் கலவை உலோகம். டையை ஒரு சிறு திருப்பில் கழற்றும் புஷ் வளையம் உண்டு. ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் என்று ஒன்று இருக்கிறது: டையை மரையில் திருகாமல் பள்ளத்தில் செருகினால் போதும், கூட்டைப் பிடிக்கத் தனித்தனி ஷெல் ஹோல்டர் வேண்டாம், அதன் தாடைகளே பிடித்துக்கொள்ளும், டையும் கூடும் தாமாக ஒரே கோட்டுக்கு வரும்படி கொஞ்சம் மிதக்க விட்டிருப்பார்கள். அழகான யோசனை. முதல் பிரஸ்ஸுக்கு விலை கூடுதல்.

இவற்றில் எதை எடுத்தாலும் மரை ஒன்றே: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் இன்னொரு நிறுவனத்தின் டை ஏறும். ஆகவே இன்று வாங்கும் டைகள் நாளை பிரஸ்ஸை மாற்றினாலும் வீணாகாது. எனக்குக் கிளாசிக் காஸ்ட்டுக்கும் ராக் சக்கருக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், உங்கள் வீட்டு நிலைமைக்குக் கிளாசிக் காஸ்ட்.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்றேன். முதலில் தராசு. மருந்தின் அளவை உலகம் முழுக்கக் கிரெய்ன் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். நம் பத்தர்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். உங்கள் தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும், அதாவது குன்றிமணியில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கத்தில். மலிவான எலெக்ட்ரானிக் தராசுகள் சூடேறும்போதும், பக்கத்தில் கைபேசி இருக்கும்போதும், ஜன்னல் காற்று அடிக்கும்போதும் மெல்ல நகரும். நகர்வதைச் சொல்லவும் சொல்லாது. காந்தத் தடையுள்ள பழைய பாணித் துலாக்கோல் மெதுவானது, ஆனால் பேட்டரி தீராது, பொய் சொல்லாது. எதை வாங்கினாலும் சரிபார்க்கும் எடைக்கற்களைக் கூடவே வாங்குங்கள். உட்காரும்போது ஒரு முறை, எழுந்திருக்கும் முன் ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது டை. ரைஃபிளுக்கு இரண்டு டை கொண்ட தொகுதி போதும்: ஒன்று கூட்டை முழுநீளத்துக்கும் அளவாக்கிப் பழைய பிரைமரையும் தள்ளும், மற்றது குண்டைப் பொருத்தும். கழுத்தை மட்டும் அளவாக்கும் டையை இப்போது மறந்துவிடுங்கள். தோட்டா நேராக இருப்பதும் கோணலாக இருப்பதும் பிரஸ்ஸை விட டையின் கையில்தான் அதிகம் இருக்கிறது. .308-க்கு வாங்கும் ஷெல் ஹோல்டர் .243, .30-06 போன்றவற்றுக்கும் பொருந்தும், அடிவிட்டம் ஒன்றுதான்.

வெர்னியர் காலிபர், தோள்பட்டையின் இடத்தை அளக்க அதில் மாட்டும் சிறு கேஜ், நீளம் வெட்டும் டிரிம்மர், பிசிறு எடுக்கும் கருவி: இவையெல்லாம் ஆடம்பரம் அல்ல, முதல் நாளே வேண்டும். தப்பாகப் போன தோட்டாவைப் பிரிக்க ஒரு சுத்தி வகைப் புல்லரும் வேண்டும். மசகுக்கு 'இம்பீரியல்' மெழுகு ஒரு சின்ன டப்பா வருஷக்கணக்கில் வரும். விரலில் ஒரு பூச்சு, கூட்டின் உடலில் மட்டும். தோளில் அப்பினால் டைக்குள் மாட்டிய மசகு பித்தளையில் பள்ளம் போடும். தடவாமல் விட்டால் கூடு டைக்குள் சிக்கி, கைப்பிடியைத் திருப்பி இழுக்கும்போது விளிம்பு கிழிந்து வந்துவிடும். அப்புறம் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டு மாட்டி இழுக்க வேண்டும். ஃபிட்டராக இருந்த எனக்கே பிடிக்காத வேலை அது.

பிரைமரைக் கைக்கருவியால் தனியாகப் பொருத்திக்கொள்ளுங்கள். பிரஸ்ஸிலேயே செய்யலாம்தான், ஆனால் பெரிய நெம்புகோலில் விரலுக்கு உணர்வு தெரியாது, கைக்கருவியில் பிரைமர் குழியின் அடியில் போய் உட்காருவது நன்றாகத் தெரியும். மருந்து நிறுவனத்தின் அட்டவணைதான் உங்கள் வேதம். பிரான்சில் எளிதாகக் கிடைக்கும் வெக்டான் மருந்துக்கு வெக்டான் அட்டவணை, பின்லாந்தின் விடாவூரிக்கு அவர்களுடைய அட்டவணை. அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கும் ஒரு மருந்தின் எண்ணை எடுத்து 'இதுவும் அது மாதிரிதான்' என்று இன்னொரு மருந்துக்குப் போடாதீர்கள். தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள். பிரைமர் தட்டையாகி விளிம்பு மழுங்கினால், போல்ட்டைத் தூக்கக் கை கடினப்பட்டால், அங்கேயே நின்று ஓர் அடி இறங்குங்கள். கிளப்பில் யாராவது கைபேசியில் 'என் அளவு இதுதான், அருமையாக இருக்கிறது' என்று காட்டுவார்கள். கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அது அவர் துப்பாக்கிக்கு.

அடுக்குமாடி வீடு ஒரு தடையில்லை. பிரஸ்ஸைத் தடித்த பிளைவுட் பலகையில் போல்ட் நட்டு போட்டு இறுக்கி, அந்தப் பலகையைக் கனமான மேசையில் இரண்டு சி கிளாம்பால் பிடித்தால் போதும். முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கலாம். மேசை ஆடினால் எவ்வளவு நல்ல வார்ப்பிரும்பும் பிரயோஜனமில்லை, எனவே ஐக்கியா மேசையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கப் பாருங்கள். சாப்பாட்டு மேசை மட்டும் கூடாது; ஈயத்தின் காரணம் முன்பே சொன்னதுதான். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சத்தம் பற்றிக் கவலை வேண்டாம், கீழ்வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்காது. புல்லரால் தட்டும்போது மட்டும் பகலில் தட்டுங்கள். கையிலேயே பிடித்து அழுத்தும் கை பிரஸ்ஸும் விற்கிறார்கள். .308 கூட்டை அதில் அளவாக்குவது தோளுக்குத் தண்டனை.

கட்டடத்தின் அடியில் உங்களுக்கு ஒரு 'கேவ்', அதாவது நிலவறை, இருக்கும். அங்கே ஈரம், பிரஸ்ஸின் தண்டு துருவேறும், நம் கடற்கரைச் சாலை ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, வெயிலும் சூடும் படாத இடத்தில், பிரைமரிலிருந்து தள்ளி வையுங்கள். காற்றுப் புகாத கனமான இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். தீப்பிடித்தால் அந்த அடைப்புதான் அதை வெடிகுண்டாக்கும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டுமே இருக்கட்டும்.

மாஸ் 36-க்கு வருகிறேன். சேந்த் எத்தியேன் தொழிற்சாலையில் செய்தது, 7.5×54 தோட்டா, பாதுகாப்புத் தாழ்ப்பாள் கிடையாது என்பதை ஏற்கனவே கவனித்திருப்பீர்கள். 200 மீட்டரில் பழைய இராணுவத் துப்பாக்கிகளுக்கென்று கிளப்புகளில் நடக்கும் 'டார்' போட்டிகளில் இன்றும் நிறையப் பேர் இதை வைத்துச் சுடுகிறார்கள். தோட்டா கிடைப்பது .308 போலச் சுலபமில்லை, ஆகவே ரீலோடிங்கின் உண்மையான பயன் உங்களுக்கு இதில்தான். பழைய இராணுவக் கையிருப்புத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு அந்தக் கூடுகளைச் சேர்த்து வைக்காதீர்கள். அவை பெர்டான் வகை: உள்ளே அடியில் இரண்டு சிறு துளைகள், நடுவில் ஒரு மேடு. உங்கள் டையின் நடு ஊசி அந்த மேட்டில் முட்டி உடையும். நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் வகைக் கூடுதான் வேண்டும், செர்பியாவின் பி.பி.யு. நிறுவனத் தோட்டா வாங்கிச் சுட்டால் அந்தக் கூடு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் பெர்டானுடையது ஐரோப்பாவில் பரவியது, பாக்ஸருடையது அமெரிக்காவில் நிலைத்தது.

.308-க்கு வாங்கும் அதே விட்டக் குண்டு மாஸ் 36-க்கும் ஆகும். டையும் ஷெல் ஹோல்டரும் தனி, மருந்து அளவு தனி. ஒற்றை நிலையில் ஒரு துப்பாக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற இந்த இரண்டையும் கழற்றி மாட்டினால் முடிந்தது; புரோகிரசிவில் இதற்கே ஒரு மாற்றுத் தொகுதி வாங்கி, எல்லா நிலையையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இரண்டு வகையையும் ஒரே மாலையில் நிரப்பாதீர்கள். பெட்டியின் மேல் துப்பாக்கி, குண்டு, மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதுங்கள்.

பழைய பிரஸ் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு பிரஸ்ஸில் தேய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பாதி விலைக்கு ஒரு ராக் சக்கர் கிடைத்தால் புதிய கிளாசிக் காஸ்ட்டை விட்டுவிட்டு அதையே எடுங்கள், பிரைமர் தட்டுக்கு அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டால் போயிற்று. போகும்போது உங்கள் டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். மேல் மரையில் விரலாலேயே கடைசி வரை திருகி இறங்க வேண்டும். தண்டைப் பாதி உயரத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: எண்ணெய் விட்ட தண்டில் ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. மேசையில் பொருத்தும் காதுகளையும், கைப்பிடி இணைப்பின் ஊசிகளையும், சட்டத்தின் மேல் வளைவின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் விலையே பேசாதீர்கள். மேல்துருவைப் பொருட்படுத்த வேண்டாம். மண்ணெண்ணெயும் கம்பிக் கம்பளியும் போதும். ஆனால் தண்டில் துரு குழி விழுந்திருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.